யாழ்ப்பாணத்தில் தீயணைப்பு வேலை: ஆட்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

என் தம்பி தீயணைப்பு வேலையில் இருக்கிறான். கலியாண வீடு, செத்த வீடு, சலூன் என்று எங்கே போனாலும் அவனைப் பிடிக்க முடியாதவர்கள் என்னைப் பிடித்துக் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும், அவனிடமும் அவனோடு வேலை செய்பவர்களிடமும் கேட்டு நான் விளங்கிக்கொண்ட பதில்களையும் இங்கே ஓரிடத்தில் போடுகிறேன். நான் பக்கத்தில் இருந்து பார்ப்பவன்தான், அதனால் இடையிடையே என் கோபமும் எட்டிப் பார்க்கும்.

தீ இல்லாத நேரத்தில் சும்மாதானே இருக்கிறார்கள்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கேரம் விளையாடுவதையும் தேத்தண்ணி குடிப்பதையும் றோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள், விடிய ஷிப்ட் மாறும்போது நடப்பதை யாரும் பார்ப்பதில்லை. போகிற குழு வருகிற குழுவிடம் வண்டியைச் சும்மா சாவியோடு கொடுத்துவிட்டுப் போக முடியாது. தாங்கி நிறையத் தண்ணீர் இருக்கிறதா, டீசல், பற்றரி, டயர், சைரன், விளக்குகள் எல்லாம் சரியா என்று பார்ப்பார்கள். பம்பை ஓடவிட்டு அழுத்தம் வருகிறதா என்று பார்ப்பார்கள். குழாய்கள் எத்தனை, எதில் ஓட்டை, இணைப்பு வளையங்களில் றப்பர் வாசர் இருக்கிறதா, கயிறு, ஏணி, கோடாலி, வெட்டும் கருவி, மூச்சுக் கருவியின் காற்று அளவு என்று ஒவ்வொன்றாகப் போகும். வாசர் ஒன்று இல்லாவிட்டால் தீ எரிகிற இடத்தில் குழாய் பொருத்தின இடத்திலேயே தண்ணீர் பீறிட்டு நொசிலுக்கு (குழாயின் முனைக்கு) அழுத்தம் போகாது, அதற்குப் பிறகு யாரைத் திட்டியும் பிரயோசனமில்லை.

தீயணைத்துவிட்டு வந்தாலும் வேலை முடிந்துவிடாது. நனைந்த குழாயைச் சேற்றோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து அடுத்த முறை வெடிக்கும், அதனால் கழுவி, உயரத்தில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். வண்டியைத் திரும்ப நிரப்ப வேண்டும். இரவு 2 மணிக்கு வந்தாலும் இதெல்லாம் முடித்துத்தான் சரியலாம், ஏனென்றால் அடுத்த அழைப்பு 2:20க்கும் வரலாம்.

எத்தனை மணி நேர வேலை?

உலகம் முழுக்கத் தீயணைப்பில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று, 24 மணி நேரம் நின்றுவிட்டு அதற்கேற்ற ஓய்வு. மற்றது 8 அல்லது 12 மணி நேரச் சுழற்சி. ஆளணி எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும், ஒருவர் லீவில் நின்றால் இன்னொருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். இரவில் படுக்கலாம், ஆனால் அதை நித்திரை என்று சொல்ல முடியாது. காற்சட்டையைப் பூட்ஸுக்கு மேலே மடித்து வைத்து, இரண்டு காலையும் ஒரே வீச்சில் விட்டு இழுக்கிற மாதிரி கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் சரிவார்கள். தம்பி வீட்டில் படுக்கும்போதுகூட போன் அடித்தால் எழும்பி நின்றுவிடுகிறான், யார் எடுத்தது என்று அதற்குப் பிறகுதான் பார்ப்பான்.

வண்டி ஏன் எப்போதும் பிந்தி வருகிறது?

எப்போதும் இல்லை. ஆனால் பிந்துவதற்குக் காரணங்கள் இருக்கின்றன, அதில் பாதி எங்களுடைய கையில்.

முதலாவது, விலாசம். "அம்மன் கோயிலடிக்கு வாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனை அம்மன் கோயில்! ஊர், வீதியின் பெயர், எந்தச் சந்தியால் திரும்புவது, பக்கத்தில் பள்ளிக்கூடமா சனசமூக நிலையமா, என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா. இவ்வளவையும் சொல்லிவிட்டு, அவர்கள் வைக்கச் சொல்லும் வரைக்கும் போனை வைக்காதீர்கள். அப்புறம் ஒரு பெடியனைச் சந்திக்கு அனுப்பி கையைக் காட்டச் சொல்லுங்கள். கூகிள் மேப்பை விட அந்தப் பெடியன் திறம்.

இரண்டாவது, ஒழுங்கை. எங்களுடைய ஒழுங்கைகள் மாட்டு வண்டிலுக்கும் சைக்கிளுக்கும் வெட்டினவை. இரண்டு பக்கமும் முன்பு வேலி இருந்தது, இப்போது மதில். வேலி என்றால் அவசரத்துக்குப் பிரித்துவிட்டுப் போகலாம், மதிலை என்ன செய்வது? 4,000 லீற்றர் தண்ணீர் என்றால் தண்ணீரே 4 தொன், அதோடு வண்டியின் பாரம், ஆட்கள், சாமான்கள். வளைவில் திருப்பினால் தண்ணீர் உள்ளே ஒரு பக்கம் சாய்ந்து வண்டியையும் இழுக்கும். வாய்க்காலுக்கு மேலே போட்ட மெல்லிய கொங்கிறீற்றுத் தட்டு அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று சாரதி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார், அதைப் பார்த்து "ஆடி அசைந்து வருகிறான்" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். மதிலை ஒழுங்கைக்குள் அரையடி தள்ளிக் கட்டினவரே கூடுதலாகச் சத்தம் போடுவார் என்பது என் அனுபவம்.

மூன்றாவது, தூரம். யாழ்ப்பாண மாநகர சபையின் எல்லை ஏறக்குறைய 20 சதுர கிலோமீற்றர்தான். ஆனால் அழைப்பு அதற்கு வெளியே வலிகாமத்திலிருந்தும் வரும், தீவுப் பக்கத்திலிருந்தும் வரும். பண்ணைப் பாலத்தால் வேலணை, புங்குடுதீவு வரைக்கும் வண்டி ஓடலாம். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகாட்டுவானில் படகு ஏற வேண்டும், நெடுந்தீவுக்குப் படகிலேயே ஒரு மணி நேரமளவு. அங்கே தீப் பிடித்தால் ஊர்ச்சனம்தான் தீயணைப்புப் படை.

2016 செப்டம்பரில் கிளிநொச்சிப் பொதுச்சந்தை எரிந்தது ஞாபகம் இருக்கும். அப்போது கிளிநொச்சியில் தீயணைப்பு நிலையம் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வழியாக அறுபது கிலோமீற்றருக்கு மேல். எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அதற்குள் கடைத் தொகுதி போய்விடும், போனது. அதற்குப் பிறகுதான் அங்கே ஒரு தீயணைப்புச் சேவை வேண்டும் என்ற பேச்சுப் பலத்தது. தீ என்றால் முதல் பத்து நிமிடம், இது சந்தை எரிந்த பிறகுதானா விளங்க வேண்டும்?

"தண்ணீர் இல்லாமல் வண்டி வந்தது" என்று சொல்கிறார்களே, உண்மையா?

பெரும்பாலும் இல்லை. தண்ணீரோடு வந்து, அது முடிந்து, திரும்ப நிரப்பப் போன வண்டியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு குழாயில் நிமிடத்துக்கு 400 லீற்றர் போகிறது என்று வைத்தால், 4,000 லீற்றர் பத்தே நிமிடம். இரண்டு குழாய் விட்டால் ஐந்து நிமிடம். அதற்காகத்தான் பின்னாலே பவுசர், அதாவது தண்ணீர்த் தாங்கி லொறி, வரவேண்டும், பவுசருக்கும் எங்கேயோ தண்ணீர் வேண்டும். சில நாட்டுப் படங்களில் பார்க்கிற மாதிரித் தெருவோரம் ஒரு குமிழைத் திறந்தால் தண்ணீர் அடிக்கிற வசதி எங்களுடைய ஒழுங்கைகளில் இல்லை. ஆறும் இல்லை. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஓடும்.

எங்களுக்கு இருப்பது கிணறுதான், கிணறு நல்ல சாமான். 13 அடி அகலமான ஒரு கிணற்றில் 10 அடித் தண்ணீர் நின்றால் அது ஏறக்குறைய 37,500 லீற்றர், ஒன்பது வண்டி நிறையும். ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே நிற்கிற பம்ப் தண்ணீரை உறிஞ்சி எடுப்பது உண்மையில் காற்றின் அழுத்தத்தால்தான். அப்படி ஏற்றக்கூடிய உயரம் கணக்கின்படி 10 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே, நடைமுறையில் 7 மீற்றர் போல, அதாவது 23 அடி. அதற்குக் கீழே நீர்மட்டம் போய்விட்டால் எவ்வளவு பெரிய எஞ்சின் வைத்தாலும் தண்ணீர் ஏறாது. ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றி நிற்கும், அதே நேரத்தில்தான் காய்ந்த பற்றைகளும் எரியும். அதோடு வண்டி கிணற்றடிக்குக் கிட்டப் போக வேண்டும், உறிஞ்சு குழாய் நீளம் காணாது. கிணறு வீட்டுக்குப் பின்னாலே, முன்னாலே மதில், நடுவிலே வாழைத் தோட்டம் என்றால் சின்ன பம்பை ஆட்கள் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கடற்கரைப் பக்கம், குருநகர், பாசையூர், நாவாந்துறை மாதிரி இடங்களில் உப்புத் தண்ணீரையும் அடிக்கலாம், தீ உப்பா நன்னீரா என்று பார்ப்பதில்லை. ஆனால் வேலை முடிந்ததும் பம்ப், குழாய் எல்லாவற்றையும் நன்னீர் விட்டு அலச வேண்டும், விட்டால் துரு தின்றுவிடும். மீன்பிடி வாடிகளில் தீப் பிடித்தால் நைலோன் வலையும் ஃபைபர் படகும் எஞ்சினுக்கு வைத்த மண்ணெண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்து எரியும், அந்தக் கறுப்புப் புகை ஊர் முழுக்கத் தெரியும்.

எனவே உங்கள் வளவில் நல்ல கிணறு இருந்தால், லொறி போகக்கூடிய வழி இருந்தால், அயலில் தீ என்று வந்தவர்களிடம் "இங்கே எடுங்கோ" என்று நீங்களாகவே சொல்லுங்கள். இருட்டுக்குள் அவர்கள் கிணறு தேடி அலைகிற நேரம்தான் பெரிய இழப்பு.

எந்தக் காலத்தில் வேலை கூட?

சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற மாதங்கள். காணி துப்புரவாக்குகிறோம் என்று குப்பைக்கு நெருப்பு வைத்துவிட்டு உள்ளே சாப்பிடப் போவார்கள். காற்று பொறியைத் தூக்கிப் பனங்காணிக்குள் போடும். பனையில் தொங்குகிற காவோலை பற்றினால் தீ மேலே ஏறி, அங்கிருந்து அடுத்த மரத்துக்கும் அடுத்த வளவுக் கொட்டிலுக்கும் தாவும். வைக்கோல் பட்டடை, புகையிலைக்குப் புகை போடுகிற கொட்டில், ஓலை வேலி எல்லாம் வரிசையாக நிற்கிற இடத்தில் ஆள் தொகை காணாது. இன்னொரு தலையிடி, வெளிநாட்டில் இருப்பவர்களின் பூட்டின வீடுகளும் காடாய்க் கிடக்கிற காணிகளும். கேற்றில் பெரிய பூட்டு, திறப்பு ரொறன்ரோவில். அயலில் நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு திறப்பும் உங்கள் தொலைபேசி இலக்கமும் இருந்தால் பூட்டை வெட்ட வேண்டி வராது.

நவம்பர், டிசம்பரில் வேலை வேறு மாதிரி. வெள்ளம், முறிந்த மரம், அறுந்த மின்கம்பி. 2008 நிஷா, 2020 புரெவி மாதிரிப் புயல் நாட்களில் நெருப்பைவிடத் தண்ணீரோடுதான் மல்லுக்கட்டு. கார்த்திகை விளக்கீட்டுக்குக் கோயில்களில் ஓலை கட்டின சொக்கப்பானை கொளுத்தினாலும் அந்த நேரம் ஊரே நனைந்து கிடப்பதால் பெரிதாக ஒன்றும் வராது. முன்னோர் யோசித்துத்தான் அந்த மாதத்தில் வைத்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கல்லுண்டாய்க் குப்பைமேடு ஏன் நாட்கணக்காகப் புகைகிறது? தண்ணீர் அடித்தால் போதாதா?

போதாது. குப்பை மேலே எரிவதில்லை, உள்ளே அடியில் கணன்றுகொண்டிருக்கும். உக்குகிற குப்பையிலிருந்து மீதேன் வருகிறது, அதுவே எரிபொருள். மேலே தண்ணீர் அடித்தால் பிளாஸ்டிக் படலங்களில் வழிந்து ஓடிவிடும், உள்ளே இறங்காது. பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) கொண்டுவந்து கிளறி, கிளறின இடத்தில் தண்ணீர் அடித்து, பிறகு மண் போட்டு மூட வேண்டும். கிளறும்போது காற்றுப் புகுந்து மறுபடியும் பற்றும், அப்போது மறுபடியும் அடிக்க வேண்டும். இது தீயணைப்புக்காரரின் கெட்டித்தனத்தால் தீருகிற பிரச்சினை இல்லை, குப்பையைத் தரம் பிரித்துக் கொடுத்தால்தான் தீரும். அதைக் கதைத்தால் இந்தப் பக்கம் இரண்டு மடங்காகும், விடுவோம்.

தீயைத் தவிர வேறு எதற்குக் கூப்பிடுகிறார்கள்?

கிணறு. மாடு விழுந்தது, ஆடு விழுந்தது, சில நேரம் ஆள் விழுந்தது. விழுந்த மாட்டுக்கு வயிற்றைச் சுற்றிப் பட்டி போட்டு மெதுவாகத் தூக்க வேண்டும். வெறும் கயிற்றைக் கழுத்தில் போட்டு ஊரே இழுத்துவிட்டுப் பிறகு போன் எடுத்தால், சிலவேளை தூக்க உயிர் இருக்காது.

கிணற்றில் மனிதருக்கு இருக்கிற ஆபத்துப் பலருக்குத் தெரியாதது, இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். கிணறு இறைத்துச் சுத்தம் செய்யும்போது மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓடவிடுகிற பழக்கம் இருக்கிறது, நான் மேலே சொன்ன 23 அடிக் கதைதான் காரணம். அந்தப் பம்பின் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. கிணற்றின் அடியில் காற்றோட்டம் இல்லாததால் அது அப்படியே தேங்கும். உள்ளே இறங்கினவர் மயங்கி விழுவார், அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுவார், மூன்றாவதாக அவருடைய அண்ணனோ மகனோ இறங்குவார். ஒருவர் மயங்கி விழுந்துவிட்டால் கயிறு கட்டாமல், மூச்சுக் கருவி இல்லாமல் வேறு யாரையும் இறங்க விடாதீர்கள், கட்டிப் பிடித்தாவது நிறுத்துங்கள். பம்பை நிறுத்திவிட்டு உடனே அழைப்பு எடுங்கள். எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் வைக்கவே கூடாது, மின்சார நீர்மூழ்கிப் பம்ப் வாடகைக்கு எடுக்கலாம், ஆள் உள்ளே நிற்கும்போது அதையும் ஓடவிடக் கூடாது.

பாம்பு வந்தால்?

அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் வேலை.

காஸ் மணக்கிறது, என்ன செய்வது?

சமையல் காஸ் காற்றைவிடப் பாரமானது, நிலத்தோடு படிந்து நிற்கும். எனவே கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு, சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, எல்லாரும் வெளியே. லைட் போடவும் கூடாது, எரிகிற லைட்டை நிறுத்தவும் கூடாது, சுவிச்சில் வருகிற சின்னப் பொறியே காணும். சுவாமி அறையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், யாழ்ப்பாணத்து வீட்டில் எல்லாரும் மறப்பது அதைத்தான். 2021 கடைசியில் நாடு முழுக்கக் காஸ் அடுப்பும் சிலிண்டரும் வெடித்தபோது புரொப்பேன், பியூட்டேன் கலவை மாறியதைப் பற்றிப் பெரிய வாதம் நடந்தது. அந்தப் பயத்தில் சனம் பழைய ஹோஸையும் ரெகுலேட்டரையும் மாற்றியது ஒரு நல்ல விளைவு. அடுத்த வருடம் எரிபொருள் தட்டுப்பாட்டில் அதே சனம் பெற்றோலைக் கானில் நிரப்பிக் கட்டிலுக்குக் கீழே வைத்தது.

தாச்சியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும், எரிகிற எண்ணெயைக் கூரை வரைக்கும் வீசும். அடுப்பை நிறுத்தி, பெரிய மூடியால் மூடி, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். சுட்ட காயத்துக்கு 20 நிமிடம் ஓடுகிற சாதாரணத் தண்ணீர். பற்பசையும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், ஆஸ்பத்திரியில் அதைச் சுரண்டி எடுக்கும்போது அழப்போவது நீங்கள்தான்.

வீட்டுக்குள் கரண்ட் இருக்கிறபோது தண்ணீர் அடிப்பார்களா?

மின்சாரத்தை நிறுத்தாமல் அடிக்க மாட்டார்கள், அதைத்தான் "வந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்" என்று சனம் சொல்லும். மெயின் சுவிச் எங்கே என்று வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரிய வேண்டும். கம்பி அறுந்து கிடந்தால் மின்சார சபைக்கு 1987.

அந்த உடுப்பு ஏன் அவ்வளவு பாரம்?

உடுப்பு, தலைக்கவசம், பூட்ஸ், மூச்சுக் கருவி எல்லாம் சேர்த்து 20 கிலோவுக்கு மேல். அது குளிர் நாட்டுக்காரர் யோசித்துச் செய்தது, எங்களுடைய வெயிலில் போட்டுக்கொண்டு நின்றாலே வேர்த்து ஊற்றும். முதுகிலிருப்பது ஒட்சிசன் என்று நினைக்கிறார்கள், இல்லை, அழுத்தி நிரப்பின சாதாரணக் காற்று. 6 லீற்றர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் என்றால் 1,800 லீற்றர் காற்று. ஆறுதலாக மூச்சு விட்டால் 45 நிமிடம் வரலாம். ஏணியில் ஏறி, குழாயை இழுத்து, பயமும் சேர்ந்தால் அரை மணி நேரமும் வராது. காற்று குறைந்ததும் விசில் அடிக்கும், அடித்ததும் வெளியே வந்தேயாக வேண்டும். அதைப் பார்த்து "உள்ளே போனவன் பாதியில் ஓடி வந்துவிட்டான்" என்று வீடியோவுக்குக் கீழே எழுதுகிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இருக்கிறது, இங்கே எழுத முடியாது.

உடம்புக்குக் கெடுதி இல்லையா?

இருக்கிறது. 2022 இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, தீயணைப்பு வேலையையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகைக்குள் சேர்த்தது. புகை மூக்கால் மட்டும் போவதில்லை, உடுப்பில் படிகிற கரி தோலாலும் போகும். அதனால் உடுப்பை அங்கேயே கழுவ வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. பிளாஸ்டிக் எரிந்த இடத்தில் முகத்தில் கைலேஞ்சி கட்டிக்கொண்டு பார்க்க வருகிற உங்களுக்கும் இது பொருந்தும்.

வீட்டுக்காரர் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பழகிவிடும், அவ்வளவுதான். நல்லூர்த் திருவிழா 25 நாள், ஊரே கோயிலில் நிற்கும், தம்பியும் அங்கேதான், ஆனால் வண்டிக்குப் பக்கத்தில். தீபாவளிக்கு எல்லாரும் வெடி கொளுத்துகிற நேரம் லீவு கேட்கவே முடியாது. ஷிப்ட் முடிந்து வருகிறவன் நித்திரை கொள்ளட்டும் என்று அம்மா பகலில் றேடியோவையும் நிறுத்திவிடுவா. கேட்டால் ஒன்றும் சொல்ல மாட்டான். பெரிய தீயென்றால் அன்றைக்கு மூன்று தரம் குளிப்பான், புட்டும் சம்பலும் வைத்தால் பாதியில் எழும்பிவிடுவான். நாங்களும் கேட்பதில்லை.

இந்த வேலைக்கு எப்படிச் சேர்வது?

வெற்றிடம் வந்தால் விளம்பரம் வரும். க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு, உயரம், உடற்தகுதி எல்லாம் பார்ப்பார்கள், தேவையான தகுதி அந்தந்த விளம்பரத்தில் இருக்கும். கனரக வாகன அனுமதிப்பத்திரம் வைத்திருந்தால் சாரதியாக முயற்சி செய்யலாம். நீச்சலும் மரம் ஏறுதலும் தெரிந்த பெடியன்களுக்குப் பயிற்சி சுகம். உயரத்துக்குப் பயம் என்றால் முதலே யோசியுங்கள்.

எந்த இலக்கத்துக்கு அழைப்பது?

தீயணைப்புக்கு 110, பொலிஸ் அவசரம் 119, அம்புலன்ஸ் 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. இதோடு உங்களுக்குக் கிட்டின தீயணைப்பு நிலையத்தின் நேரடி இலக்கத்தையும் கேட்டு வாங்கிக் குசினிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். போனில் மட்டும் வைத்திருந்தால் போன் எரிகிற அறைக்குள் இருக்கும். நீங்களே அணைத்துவிடலாம் என்று அரை மணி நேரம் வாளியோடு ஓடிவிட்டுப் பிறகு எடுக்காதீர்கள், முதலில் எடுங்கள், பிறகு வாளியைத் தூக்குங்கள். வண்டி வரமுன் அணைந்துவிட்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள். பகிடிக்கு எடுக்கிறவர்களில்தான் கோபம்.

வேலை முடிந்து நிற்கிறவர்களுக்கு ஏதாவது கொடுக்கலாமா?

காசு வேண்டாம், அது அவர்களை வில்லங்கத்தில் மாட்டிவிடும். தண்ணீர் கொடுங்கள், தேசிக்காய்த் தண்ணீரில் கொஞ்சம் உப்புப் போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. தேத்தண்ணி என்றால் சீனி கூடப் போடுங்கள். அதற்கு முன்னாலே, ஒழுங்கை வாசலில் குறுக்கே விட்ட உங்கள் மோட்டார் சைக்கிளை எடுங்கள், பவுசர் வெளியே நிற்கிறது.